அறுபது வேண்டுமென்றால் எழுபது

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது சுவர் என்று வீட்டு ஓனர் சாதிக்கிறார். அந்தப் பக்கம் ஒருவர் பல் தேய்த்தால் இந்தப் பக்கம் எனக்கு வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும். அதற்குப் பெயர் சுவரா? ஒட்டுக்கேட்கிறேன் என்று என்னைச் சொல்கிறவர்கள் முதலில் அந்தக் கொத்தனாரைப் பிடித்துக் கேட்கட்டும். என் தையல் மிஷின் அந்தச் சுவரோரமாகக் கிடப்பது உண்மைதான். வெளிச்சம் அங்கேதான் விழுகிறது. வேறு காரணம் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் பாதிக்கு மேல், தினமும் மாலை ஆறரைக்கு அந்தச் சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ‘டிங்’. ஒரே ஒரு தடவை. நல்ல பீங்கானைப் பென்சிலால் தட்டினால் வருகிற சத்தம். அது இழுத்துக்கொண்டே வந்து என் நூல்கண்டு டப்பாவரைக்கும் எட்டி, மெள்ள அடங்கும். அதற்குப் பிறகு அங்கே நாற்காலி நகராது, ரேடியோ வாய் திறக்காது. காலையில் பல் தேய்ப்பதையும் மாலையில் அந்த ஒரு டிங்கையும் விட்டால், உள்ளே மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் அச்சுக்காரர் என்போம். ஊர்க் கோடியில் இருக்கும் பீங்கான் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக அச்சு செய்கிறவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற காலிபர் வைத்திருப்பார். எதையும் ஒரு தடவை அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். ஒரு நாள் மாடிப்படியில் என்னைக் கடந்து போகும்போது, "மூணாவது படி நாலு மில்லி உசரம் கூட" என்றார். அது எனக்கு அவர் சொன்ன வணக்கம் என்பது வீட்டுக்குள் போய் யோசித்த பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு மனைவி இருந்தாள். இருந்தாள் என்றால், இருக்கிறாள். வேறு வீட்டில் இருக்கிறாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் அவளுடைய அக்கா வீடு. கோபித்துக்கொண்டு போனபோது ஒரு டீ ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள், அதன் மூடியை எடுக்கவில்லை. ஜாடி, மூடி என்றதும் உங்கள் வாய்வரை வருகிற அந்தப் பழைய வாசகத்தை தயவுசெய்து விழுங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தெருவில் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லாதவர் யாரும் பாக்கி இல்லை.

பீங்கான் எதனால் செய்கிறார்கள் என்று அச்சுக்காரரைக் கேட்டால் பதில் கிடைக்க ஒரு வாரம் ஆகும். எனக்கு எல்லாம் சொன்னது அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தாள்; சூளையிலிருந்து வருகிற கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற மேஜையில். விரிசல் இல்லாவிட்டால் டிங். மயிரிழை விரிசல் இருந்தாலும் டப். "கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன் டெய்லரக்கா" என்பாள்.

வெள்ளைக் களிமண் ஒரு பாதி, இரண்டு வகைக் கல்லை மாவாக அரைத்தது மறு பாதி. தண்ணீர் விட்டு உருளையில் ஒரு நாள் முழுக்கச் சுற்ற விட்டால் கெட்டிப் பால் மாதிரி ஒரு கூழ் வரும். அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் சும்மா இருக்காது, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அச்சின் உட்பக்கம் முழுக்கக் கூழ் ஒரு தோலாகப் படியும். தோல் போதுமான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டியது. அப்புறம் காய வைத்து, ஈர ஸ்பாஞ்சால் ஓரம் துடைத்து, ஒரு தடவை இளஞ்சூட்டில் சுட்டு, பளபளப்புக் கூழில் முக்கி, மறுபடி சுட வேண்டும். இந்த இரண்டாவது சூடு ஆயிரத்து முந்நூற்றைம்பது டிகிரி. அங்கேதான் கல் உருகி மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் போய் உட்காரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற அந்தக் கண்ணாடித் தன்மை அப்போதுதான் வரும்.

கூடவே ஒரு தொல்லையும் வரும். சுருங்கிவிடும். ஏழில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். அதனால் அச்சுக்காரர் எதையும் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். அறுபது மில்லி வேண்டுமென்றால் எழுபது. இந்தக் கணக்கில் முப்பது வருஷத்தில் அவர் அரை மில்லி தவறியதில்லை. பேச்சில்தான் தொல்லை. உள்ளே எழுபது இருந்தாலும் வெளியே வரும்போது இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

அந்த ஜாடியை அவர் கல்யாணத்துக்காகச் செய்தார். அச்சு வெட்டியது, ஊற்றியது, மூக்கு ஒட்டியது, எல்லாம் தன் கையால். ஒரே ஒரு ஜாடி வார்த்துவிட்டு அச்சை உடைத்துவிட்டாராம். சூளையிலிருந்து எடுத்து வந்து புது மனைவி கையில் கொடுத்துச் சொன்னாராம்: "மூடியைத் தனியா சுடக் கூடாது. ஜாடி மேலயே வெச்சு சுடணும். அப்பத்தான் ரெண்டும் ஒண்ணா சுருங்கும்."

"அடுத்து ஏதோ சொல்லப் போறாருன்னு நின்னேன்க்கா. கை கழுவப் போயிட்டாரு."

இருபத்திரண்டு வருஷம் அவள் அந்த அடுத்த வாக்கியத்துக்காக நின்றாள் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் அவளைக் கிளப்பியது இரண்டு நாள் காய்ச்சல். தோளில் பையும் கையில் துணி சுற்றிய ஜாடியுமாக என் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"மூணு வேளையும் தெர்மாமீட்டர் வெச்சாரு. காலண்டர்ல எழுதினாரு. நூத்தி ஒண்ணு. நூத்தி ரெண்டு புள்ளி நாலு. நூறு. சூளைக்கு எழுதற மாதிரி. உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்."

"அக்கறை இல்லாமலா தங்கச்சி எழுதினாரு?"

"அக்கறை இருக்குக்கா. அது உள்ளயே கெடந்து வேகுது. எனக்கு என்ன பிரயோஜனம்?"

ஜாடிக்குச் சேர வேண்டிய மூடி அப்போது கழுவிய பாத்திரங்களோடு கவிழ்ந்து கிடந்தது. அவசரத்தில் அவளுக்கு அது நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தாள். "டெய்லரக்கா, ஒரு உபகாரம். அந்த மூடியை வாங்கி யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. இங்க எங்கக்கா சாஸரைப் போட்டு மூடறா. டீ ஊத்தும்போதெல்லாம் அது விழுந்து மானம் போகுது."

இப்படிப்பட்ட உபகாரத்துக்கு நான் செருப்புப் போடக்கூட நிற்க மாட்டேன். கதவைத் தட்டினேன். அச்சுக்காரர் பாதிக் கதவைத் திறந்தார்.

"அண்ணே, ஜாடி மூடியைக் கேக்கறா உங்க வீட்டுல."

அவர் என் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். "உடைஞ்சிடுச்சு."

"எப்ப?"

"அன்னிக்கே."

"எப்படிண்ணே?"

"கை தவறி."

முப்பது வருஷமாக முட்டை ஓட்டுக் கனத்தில் கோப்பைகளைத் தூக்கிய கை. சரி என்று திரும்பினேன். பின்னாலேயே குரல் வந்தது. "வேற மூடி செஞ்சு தரேன்னு சொல்லுங்க. ஆனா ஜாடி வேணும். அளவெடுக்கணும்."

"நம்பரைப் போன்ல சொன்னா போதாதா?"

"போதாது."

"அப்ப ஜாடியைக் குடுத்துவிடச் சொல்றேன்."

"வழியில உடையும். அவளே கொண்டு வரட்டும்."

அக்கம்பக்கமாக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. வீட்டுக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். மணி ஆறரை ஆயிற்று. டிங்.

பிளந்த மூடியும் ஒட்டிய மூடியும் அப்படிப் பாடாது. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. மூடி முழுசாக இருந்தது. அவள் இந்த வீட்டுப் படி ஏறுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே காரணம் அதுதான். கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அதனால் அந்த மனுஷர் அதை ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் ஒரு தடவை தட்டி, விரிசல் விழவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு நல்ல சங்கதி கையில் கிடைத்தும் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கீழ் வீட்டு டிரைவரிடம் மட்டும் சொன்னேன். அதுவும் பாதிதான்.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. அந்தச் சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் அவள் ஜாடியோடு வந்தாள். என் நூல்கண்டு ஒன்று உருண்டு அவர்கள் வீட்டு வாசல்வரைக்கும் போய்விட்டது. எடுக்கப் போனபோது பார்த்தேன். மேஜையில் ஜாடி. அவர் அதன் வாயை எட்டு இடத்தில் அளந்தார். "அறுபது புள்ளி ரெண்டு... அறுபது... அறுபது புள்ளி ஒண்ணு..." அவள் எதிரே உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அளக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அறுபது மில்லி வாயை நாற்பது நிமிஷம் அளந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

"உக்காருங்க டெய்லரக்கா" என்றாள் அவள்.

"இல்ல தங்கச்சி, நூல்தான்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் முதல் மூடி தயார். ஜாடியின் மேல் வைத்ததும் அப்பா தொப்பியைக் குழந்தைக்கு வைத்த மாதிரி இருந்தது. மூன்று மில்லி பெரிது. அதற்கடுத்த மாதத்து மூடி ஜாடிக்குள்ளேயே விழுந்துவிட்டது. வெளியே எடுக்க என் வீட்டுக் கொக்கி ஊசி தேவைப்பட்டது. மூன்றாவது கோணலாக வந்தது. நான்காவது மறுபடி தொப்பி. வேண்டாத மூடிகளை அவர் மாடிப்படி ஜன்னலில் வைத்துவிடுவார். டிரைவர் ஒன்றைச் சாம்பல் தட்டுவதற்கு எடுத்துக்கொண்டார். மேல் மாடியில் ஒன்று சோப்பு டப்பா ஆனது. ஒன்றைக் கவிழ்த்து நான் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு மூடிக்கும் அவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் நடந்த அதிசயம். சுவர் வழியாக நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"இந்த தடவை என்ன ஆச்சு?"

"மேல் தட்டுல வெச்சேன். அங்க பத்து டிகிரி கூட."

"ஏன் மேல வெச்சீங்க?"

"கீழ இடமில்ல. கம்பெனி சரக்கு."

"போன தடவை கீழதானே வெச்சீங்க?"

"போன தடவை கூழ்ல தண்ணி கூடிப்போச்சு."

"அதுக்கு முந்தின தடவை?"

"அது... அச்சு ஈரமா இருந்திச்சு. குடிக்கல."

"ஓஹோ. குடிக்கலயா?"

"குடிக்கல."

அங்கே அவள் சிரித்தாள். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். காதல் வசனத்தில் சூளையின் மேல் தட்டும் வரலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் பேசாததை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று தவணை போட்டுப் பேசினார்கள். எல்லாம் மண், தண்ணீர், நெருப்பு பற்றித்தான். முதலில் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனவள் பிறகு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனாள். முதலில் பதினொன்றுக்கு வந்தவள் பிறகு ஒன்பதுக்கே வந்து இறங்கினாள்.

அவள் போன பிறகு வருகிற மாலைகள்தான் மோசம். ஆறரைக்கு டிங். அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் உட்கார்ந்த நாற்காலியை அவர் மேஜையோடு ஒட்டித் தள்ளுவதுகூட இல்லை. இழுத்த இடத்திலேயே ஒரு மாதம் கிடக்கும். எதிர்பார்ப்பு வந்த பிறகு ஒரு வீடு முன்னைவிட நிசப்தமாகிவிடும்போல. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, ஆனால் இது என் கதை இல்லை.

ஐந்தாவது சனிக்கிழமைக்கு முந்தின மாலை, டிங் அடங்கிய பிறகு, பேச்சுக் குரல் கேட்டது. ஆள் வந்திருக்கிறதோ என்று பார்த்தேன். வாசலில் செருப்பு ஒரு ஜோடிதான். போனோ என்றால் பதில் சொல்ல இடைவெளி விடுவார்களே, அதுவும் இல்லை.

"உடம்பு எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து: "உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைச் செருமிவிட்டு: "எப்படி இருக்கு உடம்பு?"

மூடியைப் பெரிதாக, சிறிதாக, கோணலாகச் செய்து பார்க்கிற மாதிரி அந்த மூன்று வார்த்தையையும் செய்து செய்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது.

மறுநாள் நான் சுவரைவிட்டு நகரவே இல்லை. வாடிக்கையாளருடைய பாவாடை ஒன்றை என் முந்தானையோடு சேர்த்துத் தைத்திருப்பேன். மத்தியானம் அவர் குரல் வந்தது. "டீ எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அங்கேயும் எழுபது சுருங்கிவிட்டது. ஆனால் மனுஷர் சளைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க தினமும் டிங்குக்குப் பிறகு ஒத்திகை நடந்தது. கடைசி வாரத்தில் நன்றாகவே வந்தது. என்னையே கேட்கிறாரோ என்று ஒரு தடவை, "நல்லா இருக்கேன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது சனிக்கிழமை. முந்தின நாள் முடி வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு தொழிற்சாலை வாசலுக்குப் போனார். தொழிற்சாலைக்கு விடுமுறையானாலும் சூளை திறக்கிற நாள், மூடியை வாங்கி வர. வீடு பூட்டியிருந்த நேரத்தில் ஒன்பது மணி பஸ் வந்தது. படியில் ஒரு ஜோடிக் கால் சத்தத்துக்குப் பதில் இரண்டு ஜோடி. ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் அக்கா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கைப்பை.

"எங்கக்கா. நானும் வரேன்னு..." என்றாள் அவள். முகம் சரியில்லை.

நான் இருவரையும் என் வீட்டில் உட்கார வைத்தேன். அக்காக்காரி என் வெட்டுத் துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஆரம்பித்தாள்.

"ஆறு மாசம்! ஒரு மூடிக்கு ஆறு மாசம் பஸ் ஏறி இறங்கறா. நானும் பார்த்தேன், பார்த்தேன், இன்னிக்கு நானே வந்துட்டேன். வாங்கிட்டுப் போனா விஷயம் ஒரேயடியா முடிஞ்சிடும். மூடி செய்யத் தெரியாத ஆளு என்ன அச்சுக்காரரு?"

"விடுக்கா" என்றாள் தங்கை.

"என்ன விடுக்கா? முப்பது வருஷ சர்வீஸாம். நான் சாஸரைப் போட்டு மூடறேனே, அதுவே பரவாயில்ல. கையாலாகாத மனுஷன். பேச்சும் கிடையாது, வேலையும் கிடையாது. இவளும் பாரு, அந்த ஆளு குடுக்கற கோணல் மூடியை எல்லாம் பார்க்கறதுக்கு விடியக்காலைல எழுந்து தலைவாரிக்கிட்டு..."

தங்கை ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானாவது சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கையாலாகாதவர் என்று ஒரு வெளியாள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வார்த்தையை அளந்து பேசுங்க" என்றேன். "அவரா கையாலாகாதவரு? அவர் நெனைச்சா கண்ணை மூடிக்கிட்டு செய்வாரு. பழைய மூடியே இன்னும் பத்திரமா உள்ளதான் இருக்கு. உடையவே இல்ல. தெனம் சாயங்காலம் தட்டிப் பார்க்கறாரு, இதோ இந்தச் சுவத்துல எனக்குக் கேக்குது!"

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்ட முகம் இல்லை அது. தண்ணீர் எடுத்துக்கொண்டு மெள்ள நடந்து வருகிறவளை யாரோ இடித்துவிட்ட மாதிரி இருந்தது. அக்காக்காரி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"இருக்கா? அப்ப இத்தனை நாள்? அடப்பாவி மனுஷா!"

அந்த நேரம் பார்த்துத்தான் படியில் அவர் செருப்புச் சத்தம். செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலத்தோடு வந்தார். அக்காக்காரி நடையிலேயே மறித்துக்கொண்டாள்.

"பழைய மூடி உங்ககிட்டதான் இருக்காமே? குடுங்க, நாங்க கிளம்பறோம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெறுமனே பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து உள்ளே போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். மேஜையில் இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அந்த நாற்காலி போன மாதம் இழுத்த இடத்திலேயே இருந்தது. காலண்டரில் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். காலிபரால் அளந்து வரைந்த மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம்.

மூடி அலமாரியில் பனியன் துணிக்குள் இருந்தது. அவர் அதை எடுத்து, ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவை துடைத்து, ஜாடியின் மேல் வைத்து, லேசாகத் திருப்பினார். அது போய் உட்கார்ந்தது. ஒன்றாகச் சுட்டு ஒன்றாகச் சுருங்கியது அல்லவா? ஒரு நூல் நுழைய இடமில்லை.

"இவ்வளவுதானே! இதுக்குப் போய்..." என்றாள் அக்காக்காரி.

தங்கை மூடியைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "அது என்ன?"

"இன்னிக்கு வந்தது."

"எவ்வளவு தப்பு?"

"ரெண்டு மில்லி."

"பெருசா, சின்னதா?"

"பெருசு."

"அப்ப அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"அடுத்த தடவை எதுக்குடி?" என்றாள் அக்கா. "அதான் கிடைச்சிடுச்சே. கிளம்பு, பத்தே கால் பஸ்ஸைப் பிடிச்சிடலாம்."

உண்மைதான். கிடைத்துவிட்டது. அவள் ஜாடியைத் துணியில் சுற்றினாள். மெதுவாகத்தான் சுற்றினாள். எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் ஒரு ஜாடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் துணி வராது. என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு ஜோடிக் கால் சத்தம் படியில் இறங்கியது. அவர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடைக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்தார். அவர்கள் அதற்குள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் வந்தது, இந்தக் கட்டடம் அவரிடமிருந்து கேட்டதிலேயே உரத்த குரலில்:

"உடம்பு எப்படி இருக்கு?"

கால் சத்தம் நின்றது. ஒரு கால் மட்டும் ஒரு படி மேலே ஏறிய மாதிரி எனக்குக் கேட்டது. அதற்குள் பதில் வந்துவிட்டது, அக்காக்காரியின் குரலில்.

"அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா!"

பிறகு தெருக் கதவு சாத்திக்கொண்டது.

அன்று ஆறரைக்கு நான் வழக்கம்போல் மிஷினை நிறுத்தினேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? மறுநாளும் இல்லை. என் வாய்க்கு ஒரு மூடி செய்து தரச் சொல்லி அவரிடம் முன்னமே கேட்டிருக்கலாம். அதையாவது சரியான அளவில் செய்திருப்பார்.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். கோபம் எதுவும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

"மூடி சரியா உக்காருது டெய்லரக்கா. அரை மில்லிகூட ஆடல."

"தங்கச்சி, நான் அன்னிக்கு..."

"எனக்கு முதல் மூடியிலயே தெரியும்க்கா. முப்பது வருஷத்துல அரை மில்லி தப்பாத மனுஷன் மூணு மில்லி தப்புவாரா? தெரியாத மாதிரி இருந்தேன். அவருக்கும் அது வசதியா இருந்திச்சு, எனக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இனிமே என்ன சொல்லிட்டு பஸ் ஏறுவேன்? எங்கக்கா கேக்க மாட்டாளா?"

"அவர்கிட்ட இதைச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்க்கா. உங்களுக்குப் புண்ணியமா போகும். ஒரு வார்த்தைகூடச் சொல்லிடாதீங்க."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அந்தச் சுவரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மணி ஆறரை. குண்டூசி போட்டு வைத்திருந்த மூடியைக் கையில் எடுத்து, ஊசிகளைத் துணியில் கொட்டிவிட்டு, தையலுக்குப் போடுகிற விரலுறையால் ஒரு தட்டுத் தட்டினேன். எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. இருந்தாலும் சுவரைத் தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது. அவ்வளவுதான்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவர் என் கதவைத் தட்டினார்.

"நேத்து ஆறரைக்குத் தட்டினது நீங்களா?"

"ஆமாண்ணே."

"அந்த மூடியில விரிசல் இருக்கு. சத்தத்துல தெரிஞ்சுது."

"இருந்துட்டுப் போகட்டும். ஊசிதானே வைக்கறேன்."

தலையாட்டினார். போகாமல் நின்றார். சட்டைப் பையில் காலிபரைத் தொட்டுப் பார்த்தார், இருக்கிறதா என்று. பிறகு என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"போன் ஏதாவது வந்திச்சா?"

பேசக் கூடாத இடத்தில் பேசி என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன். பத்து நாளாக எனக்குள் ஒரே வைராக்கியம். சத்தியம் வேறு செய்திருக்கிறேன். ஆயுளில் முதல் தடவையாக ஒரு சங்கதியை முழுசாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"இல்லண்ணே" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கிப் போனார்.

நான் உள்ளே வந்து அந்த மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். என் விரல் நிழல் மறுபக்கம் அப்படியே தெரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் எந்த இடத்தில் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.